எந்த மீனுக்கு, எந்த மாதம்? மட்டக்களப்புக் கரையோரச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும், கரைவலைச் சம்மாட்டிமாருக்கும்,

வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரை இந்தக் கரையில் தொழில் பார்க்கும் ஐயாமார், அண்ணன்மார், காக்காமார் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

போன பங்குனி மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நான் கடைசி வாங்கில் இருந்தேன். வந்திருந்த அதிகாரி, மீன் முட்டையிடும் காலத்தில் சில வாரங்கள் வலையை நிறுத்தி வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். வலையும் தோணியும் சொந்தமாக வைத்திருக்கும் ஒரு வயதான சம்மாட்டி எழுந்து நின்று, "எந்த மீனுக்கு ஐயா? எந்த மாசம்?" என்று கேட்டார். அதிகாரி கையில் இருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். பதில் வரவில்லை. கூட்டத்தில் ஒரே சிரிப்பு. தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் எழும்பிப் போனோம்.

நானும் அன்றைக்குச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டால் நாங்கள் என்ன சொல்வோம்? எங்கள் சங்கத்துக் கொப்பிகளில் எத்தனை கிலோ பட்டது, என்ன விலை போனது, யார் எவ்வளவு கடன் என்று வரி வரியாக இருக்கிறது. கீரி மீன் எந்த மாதம் சினை பிடிக்கிறது, எந்த மாதம் வெறும் வயிறாகிறது என்று ஒரு வரிகூட இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கூடி இழுக்கும் கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை நான். என் அம்மப்பா அம்பா பாடி வலை இழுத்தவர். அம்மா வெயிலில் நெத்தலி காயப்போட்டுத்தான் என்னைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினார். விலங்கியல் படித்து, இப்போது உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். படித்ததை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என் பிழை. இந்த மடலில் கேட்கப் போவது ஒன்றே ஒன்று: வருகிற கரைவலைக் காலம் தொடங்கும் முன்பு ஒவ்வொரு சங்கமும் சினை எழுத ஒரு கொப்பி போட வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

முதலில் சினையைப் பற்றி. சினை வைத்த மீன் வயலைப் போல, விளைந்து, ஒரு தரம் கொட்டி, முடிந்துவிடும் என்றுதான் எங்கள் கரையில் பலரும் நினைக்கிறோம். சில மீனுக்கு அது சரியாகவும் இருக்கலாம். நெத்தலி, சூடை, சாளை, கீரி மாதிரியான சின்ன மீனுக்கு அது சரியில்லை. முற்றிய பெண் மீன் ஒன்றின் சினைப்பையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரே பைக்குள் மூன்று நான்கு தலைமுறை முட்டைகள் கிடக்கும். தூசி போல வெளுத்த சிறு முட்டைகள் ஒரு பக்கம், மஞ்சள் பிடித்துக் குருணை போலத் தெரிபவை இன்னொரு பக்கம், அவற்றுக்கு நடுவே நீர் உறிஞ்சிப் பெருத்துக் கண்ணாடி போலத் தெளிந்தவை. அந்தத் தெளிந்த முட்டைகள் அன்றிரவே கடலில் விடப்படப் போகிறவை. அவை போனதும் அடுத்த தொகுதி முற்றத் தொடங்கும். இரை நன்றாகக் கிடைத்தால் சில நாட்களுக்கு ஒரு முறை என்று மாதக்கணக்கில் இது நடக்கும்.

அதாவது நெத்தலி முட்டைகளை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு வருவதில்லை. இன்றைக்குத் தின்ற இரைதான் அடுத்த வாரத்து முட்டை. இது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். கடலில் இரை குறைந்தால் மீன் செத்துப்போகாமலே முட்டை குறையும். பெண் மீன் பெருத்தால், நிறை கூடுவதைவிடக் கூடுதலான விகிதத்தில் முட்டை கூடும். ஒரு பெரிய கீரி இடுகிற முட்டையை, அதே நிறைக்கு வருகிற நாலைந்து சின்னக் கீரிகள் சேர்ந்தும் இடுவதில்லை.

இந்தச் சின்ன மீன்கள் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் முட்டையிடும். ஆண் மீன்கள் கூடவே பாலைப் பீய்ச்ச, கரு வெளியில் தண்ணீரிலேயே பிடிக்கும். சாளையின் முட்டை உருண்டை, நெத்தலியின் முட்டை நீள்வட்டம். இரண்டும் தண்ணீரில் மிதக்கும். எங்கள் கடலின் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு கண்ணாடி நூல் மாதிரி இருக்கும். வாய்கூடத் திறந்திருக்காது. வயிற்றில் ஒட்டிய கருவூண் தீர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் வாய் திறந்து, கண் தெளிந்து, பக்கத்தில் மிதவை நுண்ணுயிர் கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். நோர்வேக்காரர் யொஹான் யோர்ட் 1914ஆம் ஆண்டிலேயே இதை எழுதினார்: ஓர் ஆண்டு மீன் நிறையப் படுவதும் படாமல் போவதும், எத்தனை முட்டை இடப்பட்டது என்பதைவிட, பொரித்த குஞ்சுக்கு அந்த முதல் நாட்களில் இரை கிடைத்ததா என்பதில்தான் கூடத் தங்கியிருக்கிறது என்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் கடற்கரை வீட்டுப் பிள்ளைகள்.

ஆகவே மீனுக்கு மாதம் முக்கியம். குஞ்சு பொரிக்கும் நாளும் இரை பெருகும் நாளும் பொருந்த வேண்டும். இந்த இரை எங்கள் கரைக்கு இரண்டு வழியில் வருகிறது.

ஒன்று வாடைக் காலம். ஐப்பசி கடைசியிலிருந்து மழை பிடிக்கிறது. முந்தனையாறும் மற்ற ஆறுகளும் வெள்ளத்தைக் கொண்டுவருகின்றன. வாவி நிறைந்து பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாற்று முகத்துவாரமும் உடைத்துக்கொள்கின்றன. வயலின் எருவும் காட்டின் சருகும் கலந்த தண்ணீர் கடலுக்குள் போகிறது. அதை உண்டு பாசியுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகும்.

மற்றது தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலம். எங்களுக்குக் கரையில் வெக்கையும் புழுதியுமாக இருக்கும் அந்த மாதங்களில், கிழக்கே ஆழ்கடலில் வேறொன்று நடக்கிறது. காற்றின் சுழற்சியால் ஆழத்துக் குளிர்நீர் ஒரு பரந்த வட்டத்தில் மேலே எழும்புகிறது. ஆழத்து நீரில் ஊட்டம் அதிகம். விநயச்சந்திரன், யமகதா என்ற இரண்டு கடலியல் அறிஞர்கள் 1998ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினார்கள். இன்றைக்கு உலகக் கடலியலில் இதற்கு 'இலங்கைக் குவிமாடம்' என்று பெயர். எங்கள் நாட்டின் பெயரைச் சுமந்து, எங்கள் மாவட்டத்துக்கு நேர் கிழக்குப் பக்கத்துக் கடலில் இருக்கிற ஒரு விடயத்தைப் பற்றி எங்கள் வாடிகளில் ஒருவரும் கதைப்பதில்லை என்பது எனக்குக் கவலைதான்.

சரி, இரண்டு இரைக்காலம் இருக்கிறது. எங்கள் மீன் எதைப் பார்த்து முட்டையிடுகிறது? வெப்பக் கடல் மீன் ஆண்டில் பல மாதம் முட்டையிடும், ஆனால் அதற்குள் ஓர் உச்சம் இருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் அந்த உச்சம் வேறாக இருக்கலாம். அந்தச் சம்மாட்டி ஐயாவின் கேள்வி ஏன் இவ்வளவு பெரிய கேள்வி என்பதை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மீனின் உச்சம் மார்கழி தையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடல் கொந்தளிக்கும், கரைவலை வளைக்க முடியாது. கடலே எங்களுக்குத் தடைக்காலம் போட்டுவிட்டது. தாய் மீன் தப்பிவிட்டது. ஆனால் பங்குனி சித்திரையில் கடல் அடங்கி நாங்கள் வலை வளைக்கும்போது, அந்த முட்டையில் பொரித்த குஞ்சுகள் கரையோர ஆழங்குறைந்த தண்ணீரில் விரலளவில் திரியும். அவை வலையின் பைப் பகுதியான மடியில் வந்து விழும். அப்படியானால் எங்கள் தவறு குஞ்சைப் பிடிப்பது. அதற்கு மருந்து மடியின் கண்ணைப் பெரிதாக்குவது, குஞ்சு கூடுகிற இடத்தில் சில வாரம் வலை வளைக்காமல் விடுவது.

உச்சம் சித்திரை வைகாசியில் என்றால் கதை வேறு. அப்போது நாங்கள் பிடிப்பது அன்றிரவு முட்டையிட இருந்த தாயை. வலைக் கண்ணைப் பெரிதாக்கி ஒரு பிரயோசனமும் இல்லை, தாய் எப்படியும் மடிக்குள்தான் நிற்கும். அதற்கு மருந்து நாளில் இருக்கிறது: முட்டையிடும் உச்ச வாரங்களில் பின்னேர வளைப்பையும் இரவு வளைப்பையும் விட்டுவிட்டு, விடிந்த பிறகு மட்டும் வளைப்பது போல.

ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் தொழிலும் கெடும், மீனும் மிஞ்சாது. இந்தியாவின் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அதே நாட்களை இங்கே கொண்டுவந்து போட்டால் எங்கள் கரைவலைக் காலத்தின் நெஞ்சிலேயே கை வைத்தது மாதிரி. அங்கே அது இழுவைப் படகுக்கான தடை. இங்கே சித்திரை மாதப் பிடிப்பில்தான் பள்ளிக்கூடப் பணமும் கலியாணக் கடனும் தீரும். அந்த மாதிரி ஒரு தடை வந்தால் நானே முதல் ஆளாக எதிர்த்து எழுதுவேன். ஆனால் எதிர்ப்பதற்கு எங்கள் கையில் கணக்கு வேண்டும். "எங்களுக்குத் தெரியும்" என்ற வாய்ப்பேச்சு ஒரு மேசையிலும் எடுபடாது.

மீனின் வயிற்றைப் பார்த்துத் தொழிலைத் திறப்பதும் மூடுவதும் நடக்காத காரியம் இல்லை. பெரு நாட்டில் நெத்தலி இனத்து மீன் ஒன்றுதான் அந்த நாட்டின் பெரிய கடல் வருமானம். 1970ஆம் ஆண்டு ஒரு கோடித் தொன்னுக்கும் மேல் பிடித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவும் அளவுக்கு மீறிய பிடிப்பும் சேர்ந்து அடித்ததில் தொழில் படுத்துவிட்டது. இப்போது அங்கே சினைப்பையை நிறுத்துப் பார்த்துத்தான் பருவத்தைத் தீர்மானிக்கிறார்கள். 2023இல் கடலில் குஞ்சு மீன் மிகுதியாக நின்றதால் முதற் பருவத்தையே கைவிட்டார்கள். கேரளத்தில் மத்தி என்று சொல்லும் சாளை 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் தொன் பட்டது. 2021இல் 3,500 தொன்கூட இல்லை. கடல் சூடானதும் எல் நினோவும் அதற்குப் பெரிய காரணங்கள். சூட்டை மீனவர் நிறுத்த முடியாது. குஞ்சைப் பிடிக்காமல் இருக்கலாம் என்று 2015இல் அங்கே குறைந்தபட்ச அளவு வைத்தார்கள், சாளைக்கு 10 சென்டிமீற்றர். எங்கள் கீரிக்கும் சூடைக்கும் எத்தனை சென்டிமீற்றர்? வேறு கடல்களில் கீரி எந்த அளவில் முதற் சினை பிடிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். எங்கள் கரையில் அதை எங்கள் அடிமட்டத்தால்தான் அளக்க வேண்டும்.

கொப்பியை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். இது கஷ்டமான வேலையே இல்லை.

வாரத்தில் ஒரு நாள், ஒரு வளைப்பில், ஓர் இனத்தில் 30 மீன் எடுக்க வேண்டும். வியாபாரி பெரிசு பெரிசாகப் பொறுக்குவதற்கு முன்பு, மடியிலிருந்து கை போன போக்கில் எடுக்க வேண்டும். பொறுக்கின மீனில் எடுத்தால் கணக்கு பொய் சொல்லும். அடிமட்டத்தில் நீளம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன மின் தராசு ஒன்றில் நிறை. பிறகு வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை என்ன நிலை என்று பார்க்க வேண்டும். நூல் மாதிரி இருந்தால் இன்னும் பிடிக்கவில்லை. இளஞ்சிவப்பாகத் தடித்தால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மஞ்சளாகி வெறுங்கண்ணுக்கே குருணை தெரிந்தால் முற்றிவிட்டது. மெல்ல அமுக்கினால் தெளிந்த முட்டை வழிந்தால் அன்றிரவுக்குரியது. தொய்ந்து, இரத்தம் கட்டி, வெறும் பையாக இருந்தால் இட்டு முடித்தது. இந்த ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டால் போதும். ஆணுக்கு, வெள்ளைப் பால் வழிகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

முடிந்தால் சினைப்பையைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். 60 கிராம் கீரியில் சினை 3 கிராம் என்றால் நூற்றுக்கு 5. இந்த எண்ணை மாதம் மாதமாகக் கோடு போட்டால் எங்கே ஏறுகிறது, எங்கே சட்டென்று விழுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே காட்டிவிடும். ஏறி விழுகிற இடம்தான் முட்டையிட்ட இடம்.

வளைத்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பின்னேரம் பிடித்த மீனில் தெளிந்த முட்டையும், விடியப்புறம் பிடித்ததில் வெறும் பையும் இருந்தால் அது இரவில் இட்டது என்று அர்த்தம். நேரம் எழுதாவிட்டால் அதே இரண்டு மீனும் நம்மைக் குழப்பிவிடும். நிலாவையும் எழுதுங்கள், வளர்பிறையா தேய்பிறையா, எத்தனையாம் நாள் என்று. காற்று கச்சானா, கொண்டலா, வாடையா என்பதும் ஒரு சொல்தான்.

இதை யார் எழுதுவது? இந்த இடத்தில் ஐயாமாரிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். சினையை முதலில் பார்ப்பது நீங்கள் இல்லை. சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பவர்களும், வாடியில் கருவாட்டுக்குக் கீறுகிற அம்மாமாரும், வீட்டில் புளியாணம் வைக்கிற பெண்களும்தான். என் அம்மாவிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன், சூடை எப்போது சினையோடு வரும் என்று. மீனைக் கழுவிக்கொண்டே, ஒரு மாதத்தைச் சொல்லி, "அதுக்குப் பிறகு வயிறு ஒட்டின மீன்தான் வரும், கருவாட்டுக்கும் நல்லா இராது" என்றார். ஐம்பது ஆண்டு கத்தி பிடித்த கை அது. அந்த மாதத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன், ஒருவர் சொல்லை வைத்து ஊருக்கு மாதம் குறிக்கக் கூடாது. ஆனால் இருபது அம்மாமார் ஓர் ஆண்டு எழுதினால் அது சாட்சியம். இவர்களைச் சங்கத்தில் சேர்த்து, இந்த வேலைக்கு ஒரு சிறு கொடுப்பனவு கொடுங்கள். பெரிய செலவு வராது.

எங்கள் முன்னோருக்கு இப்படி மாதம் குறிக்கத் தெரிந்திருந்தது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனின் ஓசை சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, நிலா இரவில் கேட்கும் என்று சொல்லி வைத்தார்கள். தோணியை நிறுத்தி, சவளைத் தண்ணீரில் வைத்து, காதைச் சவளில் வைத்துக் கேட்டவர்கள் அவர்கள். உலகில் பல இனங்களில் ஆண் மீன் காற்றுப்பையை அதிர வைத்துத்தான் முட்டையிடும் காலத்தில் பெண்ணை அழைக்கிறது. ஓர் ஓசைக்கு மாதமும் பிறையும் குறித்து வைத்த ஊர், தான் தின்கிற மீனின் சினைக்குக் குறிக்காமல் விட்டுவிட்டது.

வாவியையும் மறக்க வேண்டாம். மணலை மீன் வாவியில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத் திரும்பி வரும். முகத்துவாரம் வெட்டும் நாளை வெள்ளத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கிறோம். வயல் முக்கியம், மறுக்கவில்லை. வெட்டிய நாளையும் கொப்பியில் எழுதி வைத்தால் இரண்டு மூன்று ஆண்டில் இன்னொரு கணக்கும் தானாகவே கிடைக்கும்.

இனி அதிகாரிகளுக்கும் ஒரு சொல். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தில், ஒரு மீனுக்கு அல்லது ஒரு பகுதிக்கு மட்டும் மூடுகாலம் அறிவிக்க இடம் இருக்கிறது. முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிக்கக் கூடாது என்று ஏற்கனவே விதி இருக்கிறது. சிங்கி முட்டையை வெளியே வயிற்றின் அடியில் சுமக்கிறது, பார்த்தால் தெரிகிறது. நெத்தலி உள்ளே சுமப்பதால் தெரிவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். சங்கங்கள் கொப்பியோடு வரும்போது கடற்றொழில் பரிசோதகர்மார் அதை வாங்கிப் படிக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொழும்பில் நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மீனின் காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழும் என்று பன்னெல்லா என்பவர் 1971இல் கண்டு சொன்னார். அந்த வளையங்களை எண்ணினால் ஒரு குஞ்சு எந்தத் திகதியில் பொரித்தது என்றே பின்னோக்கிச் சொல்லலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும், எங்கள் வாடியில் முடியாது. நாங்கள் மீனைப் பொதி பண்ணி, இடம் திகதி எழுதித் தருகிறோம். நீங்கள் வளையத்தை எண்ணித் தாருங்கள். முடிவைத் தமிழில், சங்கத்துச் சுவரில் ஒட்டக்கூடிய மாதிரித் தாருங்கள்.

கொப்பி நிறையும் வரை காத்திருக்கத் தேவையில்லாத சில விடயங்களும் உண்டு. வெடி போடுபவரை யார் எவர் என்று பார்க்காமல் நிறுத்த வேண்டும், வெடிக்கு முட்டை, குஞ்சு, தாய் என்ற கணக்கு கிடையாது. வெளிச்சம் போட்டுச் சின்ன மீனைக் கூட்டி அள்ளுவதும் அப்படித்தான். அதுவும் அவை முட்டையிட வருகிற அதே இருட்டில். இவற்றைப் பற்றிச் சங்கத்துக்குள் முகம் பார்த்துப் பேசத் தயங்குகிறோம், செய்பவர் மச்சான் முறையாகவோ மருமகன் முறையாகவோ இருப்பார். தயங்கத்தான் வரும். ஆனாலும் பேசுங்கள்.

"இருக்கிற கஷ்டத்தில இதுவும் ஒரு வேலையா?" என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் விலையும் தெரியும், சுனாமிக்குப் பிறகு வாங்கிய கடன் இன்னும் சில வீடுகளில் பேசப்படுவதும் தெரியும். என்றைக்கோ ஒரு நாள் தடை வரும். அப்போது நாட்களைக் குறிப்பவர் இந்தக் கரையைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் கணக்கு ஐந்து நாள் போதும் என்று காட்டினால் ஐந்து நாள். பதினைந்து என்று காட்டினால், அந்தப் பதினைந்து நாளுக்கு அரசிடம் உதவிப் பணம் கேட்கவும் அதே கொப்பிதான் கையில் இருக்கும்.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். மாசி மாதச் சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் முடிந்து கையில் நேரம் இருக்கிறது. எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் வருவேன். அடிமட்டம், கத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஐந்து நிலையையும் படம் போட்ட தாள் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நீங்கள் தரவேண்டியது 80 பக்கக் கொப்பி ஒன்றும், மடியிலிருந்து பொறுக்காத 30 மீனும். வெட்டிப் பார்த்த மீனைக் கழுவித் திருப்பித் தந்துவிடுவோம், கறிக்கு ஆகும்.

பங்குனியில் முதல் வலை இறங்க முன்பு ஒரு சொல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கரையில் வளர்ந்த ஓர் ஆசிரியை